கால் கேட்ட கரை

மருதவயல்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்த வாயால் ஒரு கண்மாய்க்கரையே உடையப் பார்த்தது என்றால் மட்டும் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது இதுதான்.

கரை மண்கரை. மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து மூன்று மடை வழியாக வயலுக்கு விடுகிற சின்னக் கண்மாய். மேலவயலும் கீழவயலும் அதை நம்பித்தான் சோறு தின்கின்றன. பழைய கரை ஒரு பெருமழையில் உடைந்து ஊரைச் சேறாக்கிய பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் அஃப்ரீன் வந்தார். புதுக்கரைக்குக் கொட்டிய மண்ணோடு ஒரு நுண்ணுயிரைக் கலந்துவிட்டார். மனிதர் நடக்கிற அதிர்வு மேலே விழுந்தால் அது விழித்துக்கொண்டு பசை மாதிரி எதையோ கசியவிடும். அந்தப் பசை மண்ணை மண்ணோடு கட்டிப் போடும். ஆள் நடந்த இடம் இறுகும், நடக்காத இடம் தளர்ந்துபோகும். அவ்வளவுதான் சங்கதி.

"அப்ப இது கால் திங்கிற கரைன்னு சொல்லுங்க" என்று டீக்கடை ஹரீஷ் அன்றைக்கே சொன்னார். பேரைக் கேட்டு வாலிபப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். கதை நடக்கிற காலத்தில் தலை நரைத்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஹரீஷும் ரித்தீஷும்தான்.

முதலில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸுக்கு, வயலுக்கு, ரேஷனுக்கு என்று ஊரே கரைமேல்தான் போய்வந்தது. கரை கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகிக் கிடந்தது. பிறகு அதிர்வை உணரும் கம்பிகளை மண்ணுக்குள் ஓடவிட்டு, அதோடு ஒரு திரையையும் கொடுத்தார்கள். பலமான இடம் பச்சை, தளர்ந்த இடம் மஞ்சள், ஆபத்தான இடம் சிவப்பு. அன்றன்றைக்கு விழுந்த காலடிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பேர் எதுவும் வராது. கண்மாய்ச் சங்க அலுவலகத்தில் மாட்ட வேண்டிய திரை அது. அலுவலகக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி, சங்கத்தில் எல்லாருமாகக் கூடி, அதை ஹரீஷ் கடையில் மாட்டினார்கள். கெட்டது அங்கேதான் தொடங்கியது.

எந்திரம் பேர் சொல்லாவிட்டால் என்ன, மருதவயலுக்கு வாய் இல்லையா. "இந்தா, ஒரு குத்து ஆழம், ஒரு குத்து லேசு. இது ரித்தீஷ் கால். முட்டி ஆபரேசன் பண்ணுன கால்" என்றார் ஒருவர். "குதிகால் பதியாம ஓடுறது தன்யஸ்ரீ. அவ நடையே அப்பிடித்தான்" என்றார் இன்னொருவர். ஒரு வாரத்தில் கடையில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் ஊரின் அத்தனை காலும் மனப்பாடம். பழனிக்கு மாலை போட்டிருந்த ரித்தீஷ், இரண்டாம் மடையில் இறங்கி கறிதோசை வண்டிப் பக்கம் போனது தெரிந்தது. தன்யஸ்ரீ வாரத்துக்கு இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போவதும், போகும்போது தடம் ஆழமாக, திரும்பும்போது லேசாக விழுவதும் தெரிந்தது. அதைக் கேள்விப்பட்ட அவள் மாமியார், வீட்டில் இருந்த அரிசிப்பானையைத் திறந்து பார்த்தார். புளியந்தோப்பில் சீட்டு ஆடுகிறவர்கள் யார் யார் என்பதும் வெளிச்சமாயிற்று.

யாரும் யாரையும் அடித்துவிடவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அடியைத் தாங்கிக்கொள்ளலாம், டீக்கடைச் சிரிப்பைத் தாங்குவது கஷ்டம். ஒவ்வொருவராகக் கரையைவிட்டு இறங்கி, சுற்றுப்பாதையான தார்ரோட்டுக்கு மாறிக்கொண்டார்கள். கரையில் புல் முளைத்தது.

கனிஷ்காவும் இறங்கிப் போனவள்தான். கண்மாய்ச் சங்கத் தலைவியே அவள்தான் என்பது வேறு விஷயம். நாற்பது வயது தாண்டியவள். கணவன் இறந்து பல வருஷமாகிவிட்டது. மாமியார் சரண்யாவோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருக்கிறாள். கீழவயல் மடையைத் திறந்து மூடுகிறவன் லோகித், கல்யாணம் கட்டாதவன். விடிகாலையில் அவன் நடுமடைக்கு வருவான், தண்ணீர் மட்டம் பார்க்க இவளும் வருவாள். அங்கிருந்து கலுங்கு வரைக்கும், அதாவது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் வரைக்கும், இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்துபோய்த் திரும்புவார்கள். கையைக்கூடத் தொட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் அந்த நடைக்காகத்தான் அவள் விடியக் காத்திருந்தாள், அதில் பொய் இல்லை.

திரை மாட்டிய மறுநாள் அவள் போனில் "இனி வேண்டாம்" என்று அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவேளை இருந்துவிடுவாள். மகனைப் பறிகொடுத்த மாமியார் முகம் சுளித்தால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. போக்கிடத்தைவிட, அந்த அம்மாள்மேல் அவளுக்கு உயிர்.

ஐப்பசி பாதி போன சமயம் அஃப்ரீன் ஜீப்பில் வந்து இறங்கினார். கண்மாய் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. வயலில் நட்ட பயிர் பச்சை பிடித்திருந்தது. நடுமடைக்குப் பக்கத்தில் அவர் கட்டைவிரலால் கரையை அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"இங்க யாரும் நடக்கறதே இல்லையா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளா இல்ல டாக்டர்" என்றாள் கனிஷ்கா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"நாளை மறுநாள் புயல் மழை வருது. இந்த இடம் தாங்காது."

"ரோலர் கொண்டாந்து ஓட்டிருவமா? இன்னைக்கே சொல்லி வரவச்சுருவேன்."

"இது எடை கேக்கல, நடை கேக்குது. ரோலர் ஏறினா உள்ள இருக்கறது நசுங்கிச் செத்துடும். ஒரு கால் வச்சு, எடுத்து, அடுத்த கால் வைக்கிறோம் பாருங்க, அந்தத் தாளத்துக்குத்தான் இது முழிக்கும்."

"ஆடு மாட்டப் பத்தி விட்டா?"

"குளம்பு மேல்மண்ணைக் கிழிச்சிடும். மனுஷப் பாதம்தான் வேணும், அதுவும் நிறைய. ஊர் மொத்தமும் இறங்கினா நாளைக்கு ஒரு பகல் போதும்."

"எறங்கலைன்னா?"

அஃப்ரீன் கலுங்குப் பக்கம் கையைக் காட்டினார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். சிவப்பு மாறலைன்னா கலுங்கை அடைச்சிருக்கற பலகையைக் கழட்டிடணும். தண்ணி மொத்தமும் போயிடும். கரை உடைஞ்சு ஊருக்குள்ள வர்றதுக்கு அது மேல்."

தண்ணீர் போனால் இந்த வருஷ நெல் போச்சு. கோடைக்குக் குடிக்கக்கூட லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான்.

அன்று மாலை டீக்கடை முன்னால் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அக்கறையோடு கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள். நடக்க யார் வருகிறீர்கள் என்றபோதுதான் ஒவ்வொருவருக்கும் வேலை ஞாபகம் வந்தது.

"எனக்கு முட்டி ஆபரேசன் தாயி" என்றார் ரித்தீஷ்.

"ஆபரேசன் பண்ணுன டாக்டரே தெனம் நடக்கச் சொன்னாருன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

"அது வீட்டுக்குள்ள நடக்கச் சொன்னது."

அஃப்ரீன் முன்னால் வந்து திரையில் எதையோ தட்டினார். புள்ளிகள் மறைந்து நிறம் மட்டும் நின்றது. "பாருங்க, காலடியை எடுத்தாச்சு. இனிமே யார் போனாங்க, எங்க போனாங்கன்னு ஒண்ணும் தெரியாது."

தன்யஸ்ரீ கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "மறைச்சிருக்கீங்களா டாக்டர், அழிச்சிருக்கீங்களா?"

அஃப்ரீனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "கரையோட பலத்தைக் கணக்குப் போட, அது உள்ள இருந்தாகணும்."

"அப்ப இருக்கு" என்றாள் தன்யஸ்ரீ. "இன்னொரு நாளு இன்னொருத்தர் வந்து தட்டுனா திரும்பத் தெரியும். எங்க வீட்டு அரிசிப்பானைய மறுபடி திறப்பாங்க."

அவள் சொன்னது நியாயம்தானே. கனிஷ்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள். ஊர் தண்ணி, ஊர் நெல்லு என்று என்னென்னவோ சொன்னாள். தன்யஸ்ரீ கோபமில்லாமல்தான் கேட்டாள். "நீங்களே கரைப் பக்கம் வந்து மாசக்கணக்காச்சேக்கா. எங்கள மட்டும் கூப்பிட்டா எப்பிடி?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு இல்லை. எல்லாரும் கையிலிருந்த டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் கனிஷ்கா அஃப்ரீனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும் வழியிலேயே அவள் லோகித்துக்குப் போன் போட்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவன் குரலைக் கேட்கிறாள்.

"நாளைக்குக் காலையில நடுமடைக்கு வர்றீங்களா?"

"யாருக்கும் தெரியாமயா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சு. திரையில காலடியத் திரும்பப் போடச் சொல்லியிருக்கேன். ஊரு மொத்தமும் கடையில நிக்கும்."

அவன் கேட்டான். "எந்தச் சட்டை போட?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில் தனியாக நின்று சிரித்தாள். மாசக்கணக்கில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மாமியாரிடம் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு எத்தனையோ தடவை வாயைத் திறந்தாள். வரவில்லை. விடிந்ததும் வாசலில் நின்று, "அத்த, கரைக்குப் போயிட்டு வர்றேன்" என்றாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சரண்யா நிமிரவில்லை. "மழை மூட்டமா இருக்கு. தலையில துணியப் போட்டுக்க" என்றார்.

லோகித் நடுமடையில் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

"பயமா இருக்கா?" என்றான்.

"ஆமா."

"எனக்கும்தான். நடப்போம்."

நடந்தார்கள். புல்லுக்கு அடியில் மண் சதக் சதக்கென்று அமுங்கியது. அவன் மடை மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுவதைச் சொன்னான். அவள் உரத்தின் விலையைச் சொன்னாள். நடுவில் விட்டுப்போன பேச்சு அப்படியே கிடந்து காத்திருந்த மாதிரி, எடுத்ததும் ஓடியது. கரைக்குக் கீழே டீக்கடை தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். இரண்டு காலடி பக்கத்துப் பக்கத்தில் போவதைத் திரையில் பார்ப்பானேன், ஆளே மேலே போகிறார்களே. கனிஷ்கா அந்தச் சிரிப்புக்குத் தன்னைத் தயார்பண்ணிக்கொண்டாள். கலுங்கு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். சிரிப்பு வரவில்லை.

கடைக்கு நேரே வந்தபோது ஹரீஷ் தோளில் துண்டோடு கரையின் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"ஏந்தங்கச்சி, ரெண்டு பேரு மட்டும் நடந்தா கரை எப்பத் தேறுறது? தள்ளிக்கங்க, நானும் வர்றேன்."

அவருக்குப் பின்னால் தன்யஸ்ரீ ஏறினாள். அவளுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமல், அவளுடைய மாமியாரும் ஏறினார். "அம்மா வீட்டுக்குக் குடுக்கிறவ சொல்லிட்டுக் குடுத்தா என்ன? நல்ல அரிசியாக் குடுத்திருப்பேன்ல. நீ அள்ளிட்டுப் போனது பழசு" என்று மருமகளைத் திட்டிக்கொண்டே நடந்தார். தன்யஸ்ரீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். புளியந்தோப்புக்காரர்கள் சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்கள். கறிதோசை வண்டி கரைக்கு அடியிலேயே வந்து நின்றது. ரித்தீஷ் அதற்கு நேர் மேலே நின்று, "மாலையக் கழட்டியாச்சுப்பா, எனக்கு ரெண்டு" என்று ஊர் கேட்கச் சொன்னார். தப்புப்பறை அடிக்கிறவர்கள் வந்தார்கள். தப்பு அடி விழுந்ததும் கால்கள் தானாக ஒரே தாளத்துக்கு வந்தன. பெண்கள் நடுமடையில் வட்டம் கட்டிக் கும்மி அடித்தார்கள். கீழவயல்காரர்கள் அந்தக் கோடியிலிருந்து மிதித்துக்கொண்டு வர, மேலவயல்காரர்கள் இந்தக் கோடியிலிருந்து மிதித்தார்கள். எங்கள் பக்கம்தான் முதலில் பச்சையாகும் என்று பந்தயம் வேறு. ஹரீஷ் மகள் திரையைப் பார்த்து, "மேலவயல் மஞ்சளாயிருச்சு, கீழவயலு இன்னும் செவப்பு" என்று மைக்கில் சொன்னாளோ இல்லையோ, கீழவயல் மொத்தமும் குதிக்க ஆரம்பித்தது.

"குதிக்காதீங்க, நடங்க" என்று அஃப்ரீன் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனார். கடைசியில் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்மி வட்டத்துக்குள் நுழைந்தார்.

மத்தியானம் தூறல் போட்டது. யாரும் இறங்கவில்லை. சாப்பாடு கரைக்கே வந்தது. சாயங்காலம் அஃப்ரீன் நடுமடையில் மறுபடி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நகம்கூட உள்ளே போகவில்லை. கலுங்குப் பலகையைக் கழற்ற வந்திருந்த ஆள் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு தப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

"காலடி பதியறதை நிறுத்த ஏதாவது வழி கண்டுபிடிச்சுத் தர்றேன்" என்று அஃப்ரீன் ஹரீஷிடம் சொன்னார். "கொஞ்ச நாள் குடுங்க."

"திரைய வந்து பாருங்க டாக்டர்" என்றார் ஹரீஷ். திரையில் புள்ளியின்மேல் புள்ளி விழுந்து மொத்தமும் அப்பிக் கிடந்தது. எது ஆழம், எது லேசு, யார் எங்கே இறங்கினார்கள், ஒன்றும் பிரியவில்லை. "எல்லாக் காலும் கலந்து கெடக்கு. நாங்க தெனம் இப்பிடியே நடந்தா, இதுல எவன் போயி எவனப் பொறுக்க முடியும்?"

அஃப்ரீன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த யோசனை பல்கலைக்கழகத்தில் யாருக்கும் வந்ததில்லை.

சொன்ன நாளில் புயல் வந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு விடாமல் ஊற்றியது. கண்மாய் நிரம்பிப் பலகைக்கு மேலே ஏறி, கலுங்கில் மறுகால் பாய்ந்தது. கரை அசையவில்லை. மழை விட்ட காலையில் ஊரே மறுகால் பார்க்கக் கரையில் கூடியது. தண்ணீர் வழிகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகள் வழியும் தண்ணீரில் மீன் பிடித்தார்கள்.

சரண்யாவும் வந்திருந்தார். ஊரே கரையில் நடந்த அன்று அவர் வரவில்லை. அன்று முதல் வீட்டில் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. மழைச்சத்தத்தைச் சாக்காக வைத்துக் கனிஷ்காவும் பேசாமல் இருந்துவிட்டாள். லோகித் கூட்டத்தின் அந்தப் பக்கம் நின்றான். நடுவில் மாமியார் நின்றதால் கிட்டே வரவில்லை.

கனிஷ்கா ஹரீஷிடம் கேட்டாள். "அன்னைக்கு எல்லாரும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன்ணே. ஏன் சிரிக்கல?"

"சிரிக்க எங்க விட்டாக?" ஹரீஷ் ஓரக்கண்ணால் சரண்யாவைப் பார்த்தார். "திரை மாட்டுன மொத நாளே உங்க மாமியா கடைக்கு வந்தாக. நடுமடையிலேருந்து கலுங்கு வரைக்கும் ரெண்டு தடம் ஒண்ணாப் போயி ஒண்ணாத் திரும்புச்சு. வந்து நின்னு பாத்தாக. எங்களுக்கும் யாருன்னு தெரியாமயா இருக்கும்? வாயத் தொறக்கப் போனோம். 'ஊருல உள்ள கால எல்லாம் எண்ணு, எனக்கென்ன. இந்த ரெண்டு காலுக்கு எவனாச்சும் பேரு வச்சீக, அப்பறம் டீ குடிக்க அவனுக்கு வாயி இருக்காது'ன்னாக. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வைக்கலையே."

கனிஷ்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதம் எந்த முகத்துக்குப் பயந்து கரையைவிட்டு இறங்கினாளோ, அந்த முகம்தான் அவளுக்குக் காவல் நின்றிருக்கிறது. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சும் ஏன் அத்த எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

சரண்யா மறுகால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ எங்க சொன்ன? விடியக் காலமே எந்திருச்சு வாசலுக்கும் அடுப்படிக்குமா நடக்குற. நாலு மாசமா நடந்து நடந்து என் வீட்டுத் தரை இறுகிப்போச்சு" என்றார். பிறகு கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏப்பா லோகித்து, அங்கிட்டு என்ன வேடிக்கை? வா இங்க. இவளக் கூட்டிட்டுப் போயி கரையில நட."